பொருள்: ரோல்பேக் – ‘நிலைதிரும்பல்’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டுக் கணினிக் கையேட்டில் ‘அப்டேட் ஏறாவிட்டால்’ என்ற பகுதி இந்த ஒரு சொல்லில்தான் சிக்கி நிற்கிறது. அப்டேட்டை ‘இற்றைப்படுத்தல்’ என்றாலும் ‘புதுப்பிப்பு’ என்றாலும் படிப்பவருக்குப் புரிந்துவிடுகிறது. அப்டேட்டைக் கைவிட்டுக் கணினி பழையபடி ஆவதைச் சொல்லும் ரோல்பேக்குக்குத்தான் வழி பிறக்கவில்லை.

‘பின்னுருட்டல்’ வேண்டவே வேண்டாம். ‘உருட்டு’ என்றாலே இப்போது பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ‘திரும்பப் பெறல்’ வேட்புமனுவுக்கும் வேளாண் சட்டங்களுக்கும் போய்விட்டது. ‘முன்னிலையாக்கம்’ என்றால் இலக்கணம் படித்தவருக்கு நீ, நீங்கள்; மற்றவருக்கு வாக்கு எண்ணிக்கை. ‘மீட்பு’ ரெக்கவரிக்கு வேண்டும், இரண்டும் ஒரே பத்தியில் வந்து மோதும். 2024 ஜனவரியில் விண்டோஸ் 10-க்கு வந்த ஒரு பாதுகாப்பு அப்டேட், வட்டில் ரெக்கவரிக்கென ஒதுக்கிய மீட்புப் பகுதியில் 250 எம்பி காலியிடம் இல்லாத கணினிகளில் 80070643 என்ற பிழையோடு நின்றுபோனது. அதை விளக்கும் இடத்தில் ரோல்பேக்கையும் மீட்பு என்று எழுதினால் யாருக்கும் விளங்காது.

நடப்பது என்ன என்று பாருங்கள். கணினி மறுதொடக்கம் ஆகிறது. திரையில் சதவீதம் மெல்ல ஏறி, ஓரிடத்தில் அசையாமல் நிற்கிறது. பிறகு, செய்த மாற்றங்களை நீக்குவதாக ஒரு வரி. மறுபடி அணைந்து எரிந்தால் நேற்றைய விண்டோஸ்! பழைய குருடி கதவைத் திறடி. ஆனாலும் இது கணினி தன்னைக் காத்துக்கொள்ளும் வேலை. அந்த நேரத்தில் பயந்துபோய் பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பதுதான் வினை.

அதனால்தான் ‘நிலைதிரும்பல்’ என்கிறேன். திருவாரூரில் ‘தேர் நிலைக்கு வந்துடுச்சா?’ என்று கேட்காதவர் உண்டா? புறப்பட்ட இடம்தான் நிலை. ‘நிலை’ என்ற சொல் எல்லோருக்கும் பழகியது.

இதில் தன்வினை, பிறவினை வசதியும் இருக்கிறது. கணினி தானாகப் பழையபடி ஆனால் நிலைதிரும்பல். நாமே செட்டிங்ஸில் போய் அப்டேட்டை நீக்கினால் நிலைதிருப்பல். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிந்ததால் பலர் 11-க்கு மாறுகிறார்கள். பிடிக்காவிட்டால் பொதுவாக 10 நாட்களுக்குள் பழையதற்கே போகலாம். அது நிலைதிருப்பல். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்.

கையேட்டு வாக்கியம் இப்படி வரும்: “இற்றைப்படுத்தல் நிலைதிரும்பினால் முதலில் அப்டேட் ஹிஸ்டரியில் பிழை எண்ணைப் பாருங்கள். 80070070 என்றிருந்தால் வட்டில் இடமில்லை. டவுன்லோட்ஸ் கோப்புறையைக் காலி செய்யுங்கள். பிரிண்டர், பென் டிரைவ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி முயலுங்கள்.”

அன்புடன்,
திருவாரூரிலிருந்து

*

வணக்கம் ஐயா,

தன்வினை, பிறவினைப் பிரிவு அருமை. எனக்குச் சம்மதம். ஆனால் தேரை விளக்கத்தில் சேர்க்க வேண்டாம். நான்கு வீதியும் சுற்றிய பிறகுதான் தேர் நிலைக்கு வரும். பாதி வீதியில் நின்றால் முட்டுக்கட்டையை எடுத்துவிட்டு மறுபடி வடம் பிடிப்போமே தவிர, பின்னால் இழுத்துக்கொண்டு போவதில்லை. நம் ஊர்க்காரர்கள் இதைக் கேட்காமல் விடமாட்டார்கள்.

இன்னொன்று. விண்டோஸுக்குப் பதிலாகச் சிலர் போடும் உபுண்டு இயங்குதளத்துக்கு இந்தச் சொல்லைப் போட்டுவிடாதீர்கள். ஐப்பசி மழையில் கரண்ட் போய் அப்டேட் பாதியில் நின்றால் அங்கே எதுவும் தானாகப் பழையபடி ஆகாது. சில மென்பொருள் பொதிகள் அரைகுறையாகக் கிடக்கும். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில், பொதிகளை நிறுவும் டிபிகேஜி (dpkg) கட்டளை கொடுத்து மிச்சத்தை நாம்தான் முடிக்க வேண்டும். கும்பகோணத்தில் இப்படி நின்றுபோன கணினியைக் கொண்டு வருபவர்கள், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுத் தரச் சொல்கிறார்கள். பெரும்பாலும் அதற்குத் தேவையே இருப்பதில்லை. அந்த அரைகுறை நிலைக்குத் தனிச்சொல் வேண்டும். ‘அரைநிறுவல்’ போதுமா?