டெலிவரி ஆனதற்கு ஆதாரம் இருக்கிறது, ஆனாலும் பணத்தைப் பிடித்துவிட்டார்கள். என்ன செய்வது?

கேட்டவர்: பழையலென்ஸ்

வணக்கம். பழைய கேமரா லென்ஸ்களை வாங்கி, சுத்தம் செய்து ஆன்லைனில் விற்கிறேன். தனி ஆள்தான், பேக்கிங்கும் நானே கணக்கும் நானே. போன மாதத்துக்கு முந்தின மாதம் ஒருவர் என்னிடம் இருந்ததிலேயே விலை கூடிய லென்ஸை ஆர்டர் செய்தார். பேரம் பேசவில்லை, கண்ணாடியில் பூஞ்சை இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. கார்டில் கட்டினார், உடனே பணம் ஏறியது. பத்து நிமிடம் கழித்து ஒரு மெசேஜ்: "வெளியூரில் இருக்கிறேன், கீழே உள்ள முகவரிக்கு அனுப்புங்கள், இன்றே அனுப்ப முடியுமா?" நானும் நம்பி அன்றே அனுப்பினேன். மூன்றாம் நாள் டெலிவரி ஆகிவிட்டது, ட்ராக்கிங்கில் தெளிவாக இருக்கிறது.

இப்போது 41 நாள் கழித்து, கார்டின் சொந்தக்காரர் "இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவில்லை" என்று வங்கியில் புகார் கொடுத்திருக்கிறாராம். மொத்தத் தொகையும் என் கணக்கிலிருந்து போய்விட்டது, மேலே டிஸ்ப்யூட் (பணத்தைத் திருப்பக் கேட்கும் புகார்) கட்டணம் வேறு. பொருளும் போச்சு, பணமும் போச்சு. டெலிவரி ஆதாரத்தை அனுப்பினால் ஜெயித்துவிடலாம்தானே? பதில் சொல்ல இன்னும் ஆறு நாள்தான் இருக்கிறது.

கோப்புக்கட்டு

ஒரு விற்பனை நிறுவனத்தில் சில வருடம் இந்த டிஸ்ப்யூட்களுக்குப் பதில் எழுதுவதுதான் என் வேலையாக இருந்தது, அதனால் நேராகவே சொல்கிறேன். முதலில் அந்த நோட்டீஸில் காரணக் குறியீடு என்ன என்று பாருங்கள், எல்லாமே அதில்தான் இருக்கிறது. விசா கார்டாக இருந்தால், 13.1 என்றால் பொருள் வந்து சேரவில்லை என்ற புகார், 13.3 என்றால் சொன்னபடி பொருள் இல்லை என்ற புகார், 10.4 என்றால் கார்டு நேரில் இல்லாமல் நடந்த மோசடி. 13.1க்கு உங்கள் ட்ராக்கிங் நல்ல பதில். ஆனால் 10.4இல் வங்கி கேட்பது "பொருள் போய்ச் சேர்ந்ததா" என்று அல்ல, "வாங்கியவர் கார்டுக்காரர்தானா" என்று. பொருள் யாரோ ஒருவர் கைக்குப் போனதைத்தான் உங்கள் ஆதாரம் காட்டும், அதுவும் கார்டுக்காரருடைய முகவரி இல்லாத ஓர் இடத்தில்.

பணம் "அப்ரூவ்" ஆனது என்பதைப் பலரும் உத்தரவாதம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது அப்படி இல்லை. கார்டு செல்லுபடியாகிறது, அதில் பணம் இருக்கிறது, இன்னும் திருட்டுப் போனதாகப் புகார் வரவில்லை, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். கார்டுக்காரர் தன் கணக்கு அறிக்கையைப் பார்த்த பிறகுதானே அவருக்கே தெரியும்? விசா விதிப்படி இந்த மாதிரிப் புகாருக்குப் பொதுவாக 120 நாள் வரை நேரம் இருக்கிறது. பேபால் என்ற ஆன்லைன் பணப் பரிமாற்றச் சேவையில் டிஸ்ப்யூட் திறக்க வாங்குபவருக்கு 180 நாள். உங்களுக்கு 41ஆம் நாள் வந்தது ஒன்றும் அதிசயம் இல்லை.

எப்படி இருந்தாலும் பதில் சொல்லாமல் விடாதீர்கள், கெடு தாண்டினால் தானாகவே தோல்விதான். உங்கள் தளத்தில் 3டி செக்யூர் இருந்ததா? அதாவது கார்டுக்காரருக்கு ஓடிபி போகும் அந்தப் படி.

மறுபெட்டி

கோப்புக்கட்டு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 3டி செக்யூரில் ஆள் உறுதியாகி இருந்தால் மோசடிப் புகாரின் பொறுப்பு பெரும்பாலும் கார்டு கொடுத்த வங்கிக்குப் போய்விடும், விற்பவர் தலையில் விழாது. ஆனால் அது 10.4 மாதிரிப் புகாருக்கு மட்டும்தான், "சொன்னபடி பொருள் இல்லை" என்ற புகாருக்கு உதவாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

நான் அனுப்பியது நல்ல நிலையில் இருந்த ஒரு கேமரா. வாங்கியவர் பழுது என்று சொல்லி ரிட்டர்ன் கேட்டார், சரி என்றேன். திரும்பி வந்த பெட்டி அதே பெட்டிதான், நான் ஒட்டிய டேப்பின் மேலேயே இன்னொரு டேப் ஓடியிருந்தது. உள்ளே அதே மாடல், ஆனால் ஓரமெல்லாம் தேய்ந்து, ஷட்டர் வேலை செய்யாத வேறொரு கேமரா. அடியில் இருந்த சீரியல் எண்ணைப் பார்த்ததும் கை நடுங்கிவிட்டது, கடைசி நான்கு இலக்கமும் வேறு. ஆனால் என்னிடம் அனுப்பியதன் சீரியல் எண் எங்கேயும் பதிவாகவில்லை! விளம்பரப் படத்தில்கூட அந்தப் பக்கம் தெரியவில்லை. "ரிட்டர்ன் டெலிவரி ஆகிவிட்டது" என்ற ட்ராக்கிங்கை வைத்து அவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பொருளுக்கும் வெட்டாத ஒரே வீடியோ எடுக்கிறேன்: சீரியல் எண், பொருள் வேலை செய்வது, பெட்டிக்குள் வைப்பது, டேப் ஒட்டுவது, தராசில் எடை, கடைசியாக கூரியர் லேபிள். ரிட்டர்ன் வந்தாலும் அதே மாதிரி வீடியோ எடுத்துக்கொண்டுதான் பெட்டியைப் பிரிக்கிறேன். கூரியர் ரசீதில் எடை பதிவாவது மிக முக்கியம், அது நீங்களோ வாங்கியவரோ எழுதியது அல்ல, மூன்றாம் ஆள் எழுதியது.

கேட்டவர்: பழையலென்ஸ்

இரண்டு பேருக்கும் நன்றி. பார்த்தேன், 10.4 தான். 3டி செக்யூர் இல்லை, வாங்குபவர் பாதியில் விட்டுப் போய்விடுவார் என்று பயந்து நானே நிறுத்தி வைத்திருந்தேன்.

இன்னொன்று. இன்று காலை அந்த ஆள் மறுபடியும் மெசேஜ் அனுப்பியிருக்கிறார். ஏதோ தவறு நடந்துவிட்டதாம், பாதித் தொகையை வேறு ஒரு கணக்குக்கு அனுப்பினால் டிஸ்ப்யூட்டை வாபஸ் வாங்கிவிடுகிறாராம். பாதியாவது மிஞ்சுமே என்று தோன்றுகிறது.

கோப்புக்கட்டு

அனுப்பவே அனுப்பாதீர்கள். புகார் கொடுத்தது உண்மையான கார்டுக்காரர், உங்களோடு பேசுவது கார்டைத் திருடியவர். அவரால் அந்தப் புகாரைத் தொடக்கூட முடியாது. டிஸ்ப்யூட் திறந்த பிறகு தனியாக எந்தப் பணமும் கொடுக்கக் கூடாது, வாங்கியவர் நிஜமாகவே நல்லவராக இருந்தாலும் சரி. இரண்டு வழியிலும் பணம் போய்விடும், பிறகு மீட்கவே முடியாது. கட்டிய கார்டைத் தவிர வேறு கணக்குக்கு ரீஃபண்ட் கேட்டாலே அது மோசடிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மெசேஜை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, முகவரி மாற்றச் சொன்ன மெசேஜோடு சேர்த்து பதிலில் இணையுங்கள். ஜெயிப்பீர்கள் என்று சொல்ல மனசு வரவில்லை, வாய்ப்பு குறைவு. விசா 2023 ஏப்ரலில் கொண்டுவந்த விதி ஒன்று இருக்கிறது: அதே கார்டில் 120 முதல் 365 நாளுக்கு முன்பு, மோசடிப் புகார் வராத இரண்டு ஆர்டர்களாவது உங்களிடம் இருந்து, ஐபி முகவரி (இணைய இணைப்பின் எண்) அல்லது ஆர்டர் செய்த போன், கணினியின் அடையாளமும் கூடவே இன்னொரு விவரமும் ஒத்துப்போனால், 10.4 புகாரை எதிர்க்கலாம். பழைய வாடிக்கையாளர் பொய்ப் புகார் கொடுத்தால் அது நல்ல ஆயுதம். உங்கள் ஆள் புதியவர், அதனால் பொருந்தாது.

பொருள் போன முகவரி உங்களிடம் இருக்கிறது அல்லவா, அதையும் மெசேஜ்களையும் வைத்து போலீஸில் புகார் கொடுங்கள். உங்கள் லென்ஸ் அதே சீரியல் எண்ணோடு எங்காவது விற்பனைக்கு வந்தால் அப்போது உதவும்.

தபால்பை

முகவரி விஷயம் யாரும் அழுத்திச் சொல்லவில்லை. பேபாலின் விற்பவர் பாதுகாப்பு வேண்டும் என்றால் பரிவர்த்தனை விவரத்தில் இருக்கும் முகவரிக்கே அனுப்ப வேண்டும், மெசேஜில் சொன்ன முகவரிக்கு அனுப்பினால் பாதுகாப்பு போச்சு. 750 டாலரும் அதற்கு மேலும் என்றால் கையெழுத்து வாங்கிய டெலிவரி ஆதாரமும் வேண்டும். யாராவது முகவரி மாற்றக் கேட்டால் நான் ஆர்டரை ரத்து செய்து, பணத்தைத் திருப்பி, புது முகவரி போட்டு மறுபடி ஆர்டர் செய்யச் சொல்வேன். நிஜமாக வாங்க வந்தவர் இரண்டு நிமிடத்தில் செய்துவிடுவார். மற்றவர்கள் கோபப்படுவார்கள், அவசரப்படுத்துவார்கள், அப்புறம் காணாமல் போவார்கள்.

கேட்டவர்: பழையலென்ஸ்

அவருக்குப் பதில் எழுதவில்லை, பிளாக் செய்துவிட்டேன். ஸ்கிரீன்ஷாட் எல்லாம் சேர்த்து இன்று இரவே பதிலை அனுப்புகிறேன். 3டி செக்யூரையும் இப்போதுதான் போட்டுவிட்டு வந்தேன். முடிவு வந்ததும் இங்கே எழுதுகிறேன்.