'பெரட்டு' இல்லையாம்! சொல் விளையாட்டில் உங்கள் சொல்லைத் தள்ளிவிட்ட அனுபவம் உண்டா?

பெர்ஜுந்தைக்காரன்:
நாலெழுத்து விளையாட்டு எல்லார் போன்லயும் இருக்கு, ஒளிஞ்சிருக்கிற நாலெழுத்துச் சொல்லைக் கண்டுபிடிக்கணும், சரியான இடத்துல விழுந்த எழுத்து பச்சையாகும். நேத்து காலைல டவுன்ல சாப்பாட்டுக்கடை அஞ்சடியில, அதான் முன்னால இருக்கிற நடையில, உட்கார்ந்து பசியாறிக்கிட்டே ஆடிக்கிட்டிருந்தேன். பக்கத்துல அப்பா. மூணாவது கட்டத்துல 'ட்' பச்சை, கடைசியில 'டு' பச்சை. வேற என்ன தோணும்? பெரட்டுன்னு தட்டினேன், நம்ம மலேசியத் தோட்டங்கள்ல விடியக்காலை வேலைக்கு முன்னால வரிசையில நின்னு பேர் கொடுக்கறது, மழை நாள்ல மட்டும் கிடையாது. கட்டம் அப்படியே குலுங்கிச்சு. செவப்புல 'அகராதியில் இல்லாத சொல்'.

அப்பா, "என்ன இல்லையாம்?"னார்.

"பெரட்டு இல்லையாம்பா."

ரொட்டி சானாயைப் பிச்சு கறியில தோய்ச்ச கை அங்கேயே நின்னுடுச்சு. "அப்ப முப்பத்தோரு வருஷம் விடியக்காலை அஞ்சு மணிக்கு நான் எங்கடா போய் நின்னேன்?"

விடை 'சுருட்டு'. அதைக் கண்டுபிடிச்சும் சந்தோஷமில்ல. ராத்திரி முழுக்க அவர் கேட்டதுதான் மண்டையில ஓடிச்சு. உங்களுக்கு இப்படி நடந்திருக்கா?

ஓய்வு ஆசிரியர்:
தம்பி, வருத்தம் புரிகிறது. ஆனால் விளையாட்டின் மேல் தவறில்லை. பெரட்டு என்பது ஆங்கிலத்துப் 'பரேட்' நம் தோட்டத்து வாயில் மருவியது. தமிழ்ச் சொல் விளையாட்டில் அதை எதிர்பார்ப்பது எப்படி நியாயமாகும்? இன்று பெரட்டை விட்டால் நாளை செக்ரோல் என்ற வருகைப் பதிவேடு வரும், அப்புறம் லோரி வரும். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டு வரிசைகளும் சொல்லுக்கு முதலில் வாரா என்பது இலக்கணம். அதனால்தான் பாடநூலில் இரப்பர் என்று எழுதுகிறோம். உங்களுக்கு ஒரு யோசனை. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. ஒரு லட்சத்து நாலாயிரத்துக்கு மேல் சொற்கள். இணையத்திலேயே பார்க்கலாம். தினமும் ஒரு பக்கம் படியுங்கள். நாலெழுத்துச் சொற்களைத் தனி நோட்டில் எழுதுங்கள். மெய்யெழுத்தையும் ஓர் எழுத்தாக எண்ணிப் பழகுங்கள், பலரும் அங்கேதான் சறுக்குகிறார்கள். இன்றைய வழக்குக்குக் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, 2020 பதிப்பு. அதில் இலங்கை வழக்குக்குத் தனிக் குறியீடே உண்டு. காலையில் ஆடாதீர்கள், மனம் அலைபாயும். மாலையில் ஆடுங்கள்.

என் அனுபவம் சிறியது. பள்ளிகளுக்கு இடையே சொல்சங்கிலிப் போட்டி, நான் நடுவர். ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன் 'லோரி' என்றான். தவறு என்றேன். வாசலில் அவன் அப்பாவின் லோரி உறுமிக்கொண்டு நின்றது, பழக்குலைகளை இறக்கிவிட்டு வந்த வண்டி. பையன் வாசலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "உலோரின்னு சொன்னா மார்க் உண்டா சார்?" என்றான். கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டான். பதினெட்டு வருடம் ஆகிறது.

ஆயா மகள்:
சார், நோட்டுப் போட்டு மனப்பாடம் பண்ண யாரு கேட்டா? சரி, என் கதை.

எங்கம்மா தோட்டத்துல ஆயாக் கொட்டகை ஆயா, வேலைக்குப் போறவங்க பிள்ளைகளைப் பார்த்துக்கறவங்க. நாங்க ஸ்கூல்ல, லயத்துல எல்லா இடத்துலயும் 'ஆயா மக'. அந்தப் பேர் எனக்குப் பிடிச்சதே இல்ல. வேலைக்கு வந்தப்புறம் எழுத்துக் கட்டைகளைப் பலகையில அடுக்கிச் சொல் சேர்த்துப் புள்ளி எடுக்கிற ஆங்கில ஸ்கிராபிளைப் போன்ல ஆட ஆரம்பிச்சேன். ஒரு ராத்திரி ஆபீஸ்ல கூட வேலை செய்யற மலாய்ப் பொண்ணோட ஆட்டம். கையில ரெண்டு ஏ, ஒரு ஒய், ஒரு எச். ஏ-ஒய்-ஏ-எச்னு வெச்சேன். உடனே அவகிட்டேர்ந்து செய்தி: "அக்கா, இது மலாய்லா, செல்லாது." அவளுக்கு 'ஆயா'ன்னா அப்பா. ஆனா பலகை ஏத்துக்கிச்சு. ஆங்கில அகராதியில அது பிள்ளை பார்க்கிற பொம்பளை. போர்ச்சுகீசியர்கிட்ட இருந்து இந்தியாவுக்கு வந்து, துரைசானி வீட்டு வழியா ஆங்கிலத்துக்குப் போன சொல்.

அம்மா பக்கத்துல பயறு உரிச்சுக்கிட்டிருந்தாங்க. சொன்னேன். "எனக்கு எத்தனை மார்க்கு?"னாங்க. பத்துன்னேன். ஒய்க்கு நாலு, எச்சுக்கு நாலு, மீதி ரெண்டு. கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "கிராணிக்கு எவ்வளவு?" கிராணின்னா தோட்ட ஆபீஸ் கணக்கப்பிள்ளை.

தேடிப் பார்க்கவே இல்ல. "இல்லம்மா, கிராணி செல்லாது"ன்னுட்டேன். அவங்க முகத்தைப் பார்த்திருக்கணும் நீங்க.

ஏழு கட்டை:
எல்லாரும் உணர்ச்சிவசப்படறீங்க. சொல் விளையாட்டுல அர்த்தத்துக்கு வேலையே இல்ல. பட்டியல்ல இருந்தா செல்லும், இல்லன்னா செல்லாது. பந்து கோட்டுக்கு வெளிய விழுந்தா அவுட், அது யாரு வீட்டுப் பந்துன்னு நடுவர் கேப்பாரா?

நைஜல் ரிச்சர்ட்ஸ்னு ஒருத்தர், நியூசிலாந்துக்காரர், நம்ம கோலாலம்பூர்லதான் பல வருஷமா இருக்கார். ஆங்கில உலகப் போட்டியில அஞ்சு தடவை ஜெயிச்சவர். 2015-ல பிரெஞ்சு மொழிப் போட்டியிலயும் ஜெயிச்சார், பிரெஞ்சு பேசத் தெரியாமலே! சொற்பட்டியலை மனப்பாடம் பண்ணிட்டுப் போனார், அவ்வளவுதான். 2024-ல ஸ்பானிஷும். அவர் போய் "இந்தச் சொல்லை எங்க தோட்டத்துல சொல்ல மாட்டோமே"ன்னு கேட்டாரா?

நானும் உங்களை மாதிரி இருந்தவன்தான். படிவம் நாலு படிக்கும்போது கோலசிலாங்கூர்ல ஒரு போட்டி. கடைசிச் சுற்று. எதிர்ல சீனப் பொண்ணு, கையில கியூ மாட்டியிருக்குன்னு அவ மூஞ்சியிலயே தெரிஞ்சது. யூ ஒண்ணும் வெளிய இல்ல. தோத்தான்னு நினைச்சேன். அலட்டிக்காம கியூவும் ஐயும் வெச்சா. ரெண்டே எழுத்து! நான் சிரிச்சுட்டு ஆட்சேபம்னேன். நடுவர் தட்டிப் பார்த்தார், செல்லும்னார். சீனத்துல 'ச்சி', உயிர்மூச்சு மாதிரி ஒண்ணு. என் முறை போச்சு, ஆட்டமும் போச்சு. அவ தலை நிமிராம புள்ளி எழுதினதுதான் இன்னும் கண்ணுல நிக்குது. அன்னிக்கு வீட்டுக்குப் போய் ரெண்டெழுத்துச் சொல் அத்தனையும் எழுதி ஒட்டினேன். புலம்பல. பெர்ஜுந்தைக்காரரே, அப்பாவுக்கு மரியாதை வேற, ஆட்டம் வேற.

ஆயா மகள்:
தம்பி, உங்க கதையை நீங்களே திருப்பிப் படிங்க. சீனத்துச் சொல்லை ஆங்கிலப் பட்டியல் சேர்த்துக்கிட்டதாலதான் அந்தப் பொண்ணு ஜெயிச்சா. கட்டுமரத்தைச் சேர்த்துக்கிட்டான், சுருட்டைச் சேர்த்துக்கிட்டான், மிளகுத்தண்ணியைக் கூட விடல. 2016-ல ஆக்ஸ்போர்டு பெரிய அகராதியில 'ஐயோ'வே ஏறிடுச்சு. பட்டியல் வானத்துலேர்ந்து விழல, யாரோ உட்கார்ந்து சேர்த்ததுதான்.

பெயர் வேண்டாம்:
சேர்க்கறது பத்திப் பேசறீங்க. சேர்த்ததால வந்த ஒண்ணு சொல்றேன், சுருக்கமா.

மூணு மடங்குக் கட்டம் திறந்திருந்துச்சு. என் கையில ஆறு எழுத்து வரிசையா வந்து உட்கார்ந்துச்சு. பறைங்கிற சொல்லுலேர்ந்து ஆங்கிலத்துக்குப் போனது. இந்த நாட்டுல அது வசவு. எந்தச் சொல்லுன்னு உங்களுக்குத் தெரியும். 2011-ல அஞ்சாம் படிவ இலக்கியப் பாடத்துல இருந்த ஒரு நாவலுக்காக நாடே இந்தச் சொல்லைப் பத்திப் பேசிச்சு, கடைசியில நாவலைப் பாடத்துலேர்ந்து எடுத்தாங்க. அந்த வருஷம் நான் அஞ்சாம் படிவம்.

சொல்லுக்கு 11, மூணு மடங்கு 33. விரல் திரை மேல நின்னுச்சு. அப்புறம் அதே எழுத்துகள்ல நாலை எடுத்து மயிருக்கான ஆங்கிலச் சொல்லை வெச்சேன். 21. கடைசியில அஞ்சு புள்ளியில தோத்தேன். 2021-ல வசைச் சொற்கள்னு 400 வரைக்கும் பட்டியல்லேர்ந்து தூக்கினாங்க. இது இன்னும் இருக்கு.

மங்குக்காரி:
மேல உள்ளதைப் படிச்சப்புறம் என்னுது சின்ன விஷயமாத் தெரியுது, ஆனாலும் எழுதறேன்.

என் சொல்லைத் தள்ளல, ஏத்துக்கிச்சு. அதுதான் கோவம். மூணெழுத்து ஆட்டத்துல 'மங்கு'ன்னு போட்டேன். பச்சை. தொட்டா அர்த்தம் வரும் இல்லையா, தொட்டேன். 'முகத்தில் படரும் கருந்திட்டு'. அவ்வளவுதான்!

ஸ்கூல் லீவுல அம்மா கூட ரப்பர் வெட்டுக்காட்டுக்குப் போவேன். அம்மா மரம் வெட்டிக்கிட்டே முன்னால போவாங்க, நான் நிரையில பின்னாலயே போய் மங்கு துடைக்கணும், மங்குன்னா பால் வடியற கிண்ணம். உள்ள ஒட்டியிருக்கிற பழைய பாலை ஓரத்துல நகத்தால கிளப்பி இழுத்தா, தோல் மாதிரி முழுசா உரிஞ்சு வரும். சரியா வந்தா 'சர்ர்'னு ஒரு சத்தம். பாதியில அறுந்தா அம்மா திரும்பிப் பார்ப்பாங்க. மழைத் தண்ணி தேங்கின மங்குல கொசுப் புழு இருக்கும், கொட்டித் துடைச்சு வெக்கணும். ஒட்டுப்பால் நாத்தம் கையை விட்டுப் போக ரெண்டு நாள் ஆகும். நான் போட்டது அந்த மங்கு. ஜெயிச்சது மூஞ்சி மேல இருக்கிற மங்கு.

ஒண்ணு சொல்லணும். மரம் வெட்டறதுன்னு இங்க எழுதினா, பாலுக்காகப் பட்டையைச் சீவறதுன்னு நமக்குப் புரியும். தமிழ்நாட்டு அக்கா ஒருத்தங்க கூட ஆடறேன். "எங்கம்மா இருபது வருஷம் மரம் வெட்டினாங்க"ன்னு சொன்னதுக்கு, "அய்யோ, காட்டையே அழிச்சுட்டாங்களா?"ன்னாங்க.

தென்னமரத்தான்:
நம்ம ஊர்ல பொறந்தவனுக்கு இது புதுசா? பத்தாங் பெர்ஜுந்தைன்னு இருந்த பேரையே 2007-ல பெஸ்தாரி ஜெயான்னு மாத்தினாங்க. ஏன்னு மலாய் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், குழந்தைங்க படிக்கிற இடம், இங்க வேணாம். இன்னிக்கும் பஸ்ல ஏறி 'பெர்ஜுந்தை'ன்னாத்தான் எனக்கு ஊருக்கு வந்த மாதிரி இருக்கு.

நான் தென்னமரம் தோட்டம். மலேசியாவுல வியாபாரத்துக்குன்னு முதல் முதலா பாமாயில் தர்ற செம்பனை நட்டது அங்கதான், 1917-ல. பேரு தென்னமரம், நட்டது செம்பனை! அந்தச் செம்பனையைப் போன மாசம் இதே நாலெழுத்து விளையாட்டுல போட்டேன். இல்லையாம். 'தேங்காய்' போட்டா செல்லும். தாத்தாவும் அப்பாவும் குலை அறுத்த மரத்துக்குச் சொல் கிடையாது, பாமாயில்ல பொரிச்ச வடை மட்டும் உலகம் பூரா செல்லும்.

சரி, புலம்பி ஆகப் போறது இல்ல. ஒரு வழி சொல்றேன், கேளுங்க. விளையாட்டோட செட்டிங்ஸுக்குள்ள போனா 'கருத்து அனுப்பு'ன்னு ஒண்ணு இருக்கும். ஒரு சொல்லா அனுப்பாதீங்க, பத்துப் பதினைஞ்சு சேர்த்து அனுப்புங்க. பெரட்டு, ரோட்டுக்கு நாம சொல்ற சடக்கு, அஞ்சடி, செம்பனை, எல்லாம் நாலெழுத்து. ஒவ்வொண்ணுக்கும் ஒரு வாக்கியம். பத்திரிகையில வந்திருந்தா அந்தப் பக்கத்தைப் படம் பிடிச்சு ஒட்டுங்க. கோவமா எழுதாதீங்க, "வணக்கம் ஐயா"ன்னு ஆரம்பிங்க. பதில் வரலேன்னா ரெண்டு வாரம் கழிச்சு இன்னொண்ணு. ஆளாளுக்கு அனுப்பினா நல்லது. ஒரே வாசகத்தை வெட்டி ஒட்டாதீங்க, குப்பைன்னு நினைச்சுத் தள்ளிடுவாங்க. ஆசிரியர் சார் ஒரு கடிதம் திருத்திக் கொடுத்தா இன்னும் எடுபடும்.

ஓய்வு ஆசிரியர்:
திருத்தித் தருகிறேன். ஆயா மகள் சொன்னதை யோசித்துப் பார்த்தேன். இயற்சொல், திரிசொல், வடசொல்லோடு திசைச்சொல்லுக்கும், அதாவது வெளிவட்டார வழக்குக்கும், இடம் வைத்தவர் தொல்காப்பியர். அவர் கணக்கில் செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த பன்னிரண்டு நிலம். கடல் கடந்த நிலம் அதில் இல்லை என்று வாதிடலாம், வாதிட எனக்கு மனமில்லை. ஆனால் பெரட்டு ஆங்கிலம்தான், அதில் மாற்றமில்லை. செம்பனை நல்ல தமிழ், அதை முதலில் வையுங்கள்.

ஏழு கட்டை:
சுருட்டு செல்லும், பெரட்டு செல்லாது. ரெண்டும் கேட்க ஒரே மாதிரிதான் இருக்கு. நான் இன்னும் என் பக்கம்தான். கடிதத்துல என் பேரையும் போட்டுக்கங்க.

பெர்ஜுந்தைக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. கடிதம் போயாச்சு, செம்பனையை முதல்லயும் பெரட்டைக் கடைசியிலயும் வெச்சு, மொத்தம் பதினொரு சொல். பதில் வந்துச்சு: எந்த அகராதி, எத்தனாவது பக்கம்னு கேட்கிறாங்க. அவங்களையும் குத்தம் சொல்ல முடியல.

அப்பாவுக்கு இது இப்போ ஒரு பழக்கமாயிடுச்சு. எந்த அஞ்சு மணிக்குத்தான் அவர் தூங்கியிருக்கார்? நான் எழுந்து வந்தா கோப்பியோட அஞ்சடி பெஞ்சுல உட்கார்ந்திருப்பார். "இன்னிக்குப் பெரட்டு உண்டா?" நான் முதல் வாய்ப்பை அதுக்கே கொடுத்துடறேன். தட்டறேன், குலுங்குது, செவப்பு.

"இல்லப்பா."

"சரி, மழை நாளு"ன்னு சொல்லிட்டுக் கோப்பியைக் குடிக்கிறார்.