கீமோவுக்கு முன் விந்தணு சேமித்து வைத்தவர்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

திருப்பூர்க்காரன்:

நானே ஆரம்பிக்கிறேன். 26 வயதில் எனக்கு ஹாட்ஜ்கின் லிம்போமா, அதாவது நிணநீர் மண்டலத்தில் வரும் ஒரு கேன்சர். கழுத்துக் கட்டி, பயாப்ஸி, பெட் ஸ்கேன் எல்லாம் மளமளவென்று முடிந்து, திங்கட்கிழமை முதல் கீமோ என்று நாள் குறித்தாயிற்று. முடி கொட்டும், வாய் புண்ணாகும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்த டாக்டர், திடீரென்று அப்பாவை வெளியே உட்காரச் சொன்னார். "கல்யாணம் ஆகலைதானே? இப்ப தர்ற ஏபிவிடிங்கற கீமோ மருந்துல பெரும்பாலானவங்களுக்கு விந்தணுக்கள் குறைஞ்சு திரும்ப வந்துடும். ஆனா நோய் திரும்பி வந்தா இதைவிடக் கடுமையான மருந்து, ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைன்னு போகணும். அப்ப சேமிக்கலாம்னு நினைச்சா சேமிக்க ஒண்ணும் இருக்காது. முதல் கீமோவுக்கு முன்னாடியே குடுத்து வச்சிடு" என்றார். இரண்டே நிமிடப் பேச்சுதான். பேச ஆள் இருந்தது என் அதிர்ஷ்டம் என்று இந்தத் தளத்தில் மற்றவர்கள் முன்பு எழுதியதைப் படித்தபோதுதான் புரிந்தது.

மறுநாளே கருத்தரிப்பு மையத்துக்குப் போனோம். சுற்றிலும் தம்பதிகள், நடுவில் நானும் அப்பாவும். கவுன்டரில் இருந்த பெண் ஃபார்மைப் பார்த்தபடி, "மனைவி பேரு?" என்று சத்தமாகக் கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. அப்பா, "இனிமேதாம்மா பார்க்கணும்" என்றார். அவர் அந்த விஷயத்தைப் பற்றிப் பேசியது அது ஒன்றுதான். பணத்தைக் கட்டினார், டீ வாங்கிக் கொடுத்தார், அவ்வளவுதான்.

சாம்பிள் எடுத்துக் கொடுக்கும் அந்த அறையைப் பற்றிப் பலரும் தனிச் செய்தியில் கேட்கிறார்கள். ஒன்றும் பெரிதாக இல்லை. ரெக்சின் போட்ட ஒரு கட்டில், வாஷ் பேசின், தாழ்ப்பாள் சரியாக விழாத கதவு. அகன்ற மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் பெயர், தேதி, நேரம் எழுதி ஒட்டியிருக்கும். வெளியே யாரோ டோக்கன் நம்பர் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். காய்ச்சலோடும் பயத்தோடும் அங்கே போய் நிற்பது கஷ்டம்தான். முடியவில்லை என்றால் வெளியே வந்து ஒரு நடை நடந்துவிட்டு மறுபடி போகலாம். யாரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை.

எனக்கு எண்ணிக்கை குறைவாகத்தான் வந்தது. நோயும் காய்ச்சலும் அணு உற்பத்தியைக் குறைத்துவிடுமாம். மனம் விட்டுப் போயிற்று. லேபில் இருந்தவர், "இக்ஸின்னு, அணுவை ஊசியால நேரா கருமுட்டைக்குள்ள செலுத்துற முறையில் ஒரு கருமுட்டைக்கு ஒரு அணு இருந்தாப் போதும் தம்பி, சனிக்கிழமை இன்னொரு தடவை வாங்க" என்றார். போனேன். திங்கட்கிழமை கீமோ ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போகவில்லை.

திருச்சி அக்கா:

என் தம்பிக்கு 16 வயது, எலும்பில் கேன்சர். விந்தணுவைப் பாதிக்கும் ஐஃபாஸ்ஃபமைடு என்ற கீமோ மருந்து கொடுக்கப் போவதால் விந்தணு சேமித்துவிடலாம் என்று நர்ஸ்தான் முதலில் சொன்னார். அம்மா ஒரே பிடிவாதம். "சின்னப் பையன்கிட்ட இதையெல்லாம் பேசுவாங்களா? முதல்ல உயிர் பிழைக்கட்டும்." உயிர் பிழைப்பான் என்று நம்புவதால்தான் டாக்டரே இதைக் கேட்கிறார் என்று நான் சொன்னது அம்மா காதில் ஏறவே இல்லை. கடைசியில் எங்கள் மாமாதான் பேசினார். மாமா லாரி ஓட்டுபவர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. தம்பியைக் கீழே கேன்டீனுக்குக் கூட்டிக்கொண்டு போய் நேராகவே சொல்லிவிட்டார். அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அம்மா கூட வருவாங்களா?" வர மாட்டார்கள் என்றதும் சரி என்றுவிட்டான்.

இந்த வயதுப் பையன் இருக்கும் வீடுகளில் அம்மா அப்பாவை விட மாமாவோ அண்ணனோ பேசுவதுதான் சரிவரும் என்பது என் எண்ணம். பருவம் எய்தாத சிறுவர்களுக்கு இந்த வழி இல்லை. விதைப்பையிலிருந்து திசு எடுத்து உறைய வைப்பது இன்னும் ஆராய்ச்சி அளவில்தான் இருக்கிறது என்று டாக்டர் சொன்னார்.

ஆண்ட்ராலஜி லேபில் வேலை பார்ப்பவன்:

விந்தணுவைப் பரிசோதித்துச் சேமிக்கும் லேபில், அந்தப் பக்கம் நிற்பவன் என்ற முறையில் கொஞ்சம் சொல்கிறேன். கடைசியாக விந்து வெளியேறியதிலிருந்து இரண்டு முதல் ஐந்து நாள் இடைவெளி விட்டு வரச் சொல்வோம். நாள் இல்லை என்றால் 24 மணி நேரம் விட்டு வந்தாலும் எடுத்துக்கொள்வோம். சோப்பு, எண்ணெய், எச்சில் எதுவும் கூடாது, அணுக்கள் செத்துவிடும். வீட்டிலிருந்து கொண்டு வந்தால் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் வந்து சேருங்கள். ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டு வந்தவர்களும் உண்டு! எச்ஐவி, ஹெப்படைட்டிஸ் பி, சி, சிபிலிஸ் ரத்தப் பரிசோதனைகள் இருக்கும்.

அப்புறம் நாங்கள் கிளிசரால் கலந்த திரவம் சேர்த்து, சின்னச் சின்னக் குப்பிகளாகப் பிரித்து, மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜனில் இறக்கிவிடுவோம். வெளியே எடுத்து உருக்கும்போது பாதிக்குப் பாதிகூட இறந்துபோகலாம். பல குப்பிகளாக வைப்பதும் இரண்டு மூன்று தடவை வரச் சொல்வதும் அதற்காகத்தான். வருடங்கள் கூடக் கூடக் கெட்டுப்போகும் என்று பயப்படத் தேவையில்லை.

எனக்கு இருக்கும் ஒரே ஆதங்கம், முதல் கீமோ போட்ட பிறகு ஓடி வருபவர்கள். மருந்து உடம்பில் ஏறிய பிறகு உருவாகும் அணுக்களின் மரபணு சேதமாகியிருக்கலாம், அதைச் சேமிக்கச் சொல்வதில்லை. விதைப்பைக் கேன்சர் என்றால் ஆபரேஷனுக்கும் முன்பே வாருங்கள். சாம்பிளில் அணுவே இல்லாவிட்டாலும், அகற்றும் விதையிலிருந்தே தேடி எடுக்க முடியும்.

மதுரை வாசகர்:

மேலே சொன்ன விதைப்பைக் கேன்சர்தான் எனக்கும். ஆனால் ஒருவரும் சொல்லவில்லை. ஆபரேஷனுக்கும் கீமோவுக்கும் நடுவில் வீட்டில் சும்மாதான் படுத்துக் கிடந்தேன். பக்கத்துத் தெருவிலேயே கருத்தரிப்பு மையம். பிழைக்க வைத்த டாக்டர்களை நான் குறை சொல்லத் தயாரில்லை, அவர்கள் அந்த நேரம் பார்த்தது கட்டியை. இப்போது அணு எண்ணிக்கை பூஜ்யம். சிலருக்கு நான்கைந்து வருடம் கழித்தும் திரும்பி வருவதுண்டு என்கிறார்கள். இல்லையென்றால் மைக்ரோ டெசே முறையில், அதாவது நுண்ணோக்கி வைத்து விதைக்குள்ளேயே அணு இருக்கிறதா என்று தேடிப் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். நானும் மனைவியும் யோசித்துக்கொண்டிருக்கிறோம். கேன்சர் என்று சொன்ன அன்றே, "டாக்டர், குழந்தை விஷயம்?" என்று நீங்களாகவே கேட்டுவிடுங்கள். வெட்கம் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

திருப்பூர்க்காரன்:

மதுரை அண்ணா, நன்றி. ஃபார்மைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. "நான் இறந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும்" என்று ஒரு இடம் இருக்கும். கையெழுத்துப் போடும்போது மனசு கேட்காது, ஆனால் காலியாக விடாதீர்கள். டெல்லியில் 2020ல் கீமோவுக்கு முன் சேமித்துவிட்டு, சில மாதங்களில் இறந்துபோன 30 வயது இளைஞரின் பெற்றோர் அந்தச் சாம்பிளைக் கேட்டு உயர் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. இறந்தவரின் சம்மதம் இருந்தது தெரிந்தால், இறந்த பிறகு அவருடைய விந்தணுவைக் குழந்தை பெறப் பயன்படுத்த இந்தியச் சட்டத்தில் தடை இல்லை என்று 2024 அக்டோபரில்தான் தீர்ப்பு வந்தது. போகிற மையம் 2021ல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி பதிவு செய்யப்பட்டதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெண் வீட்டாரிடம் சொன்னீர்களா என்று கேட்டவருக்கு: சொன்னேன். நிச்சயத்துக்கு முன்பே, பெண்ணிடம் நேராக. அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சேமித்து வைக்க வருட வாடகை எவ்வளவு, யார் கட்டுகிறார்கள் என்று கேட்டாள். இப்போது ரினியூவல் மெசேஜ் அவள் போனுக்குத்தான் போகிறது.