தூண்டில் வளைவு மனு: கையெழுத்துக்கு முன் ஒரு வார்த்தை

அண்ணன்மார், அக்காமார், தம்பிகள் எல்லோருக்கும் வணக்கம்.

நம்ம குப்பத்துக்குத் தூண்டில் வளைவு, அதாவது மணலைப் பிடித்து நிறுத்தக் கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல் சுவர், கேட்டு மனுக் கொடுக்க ஆளுக்கு இவ்வளவு என்று செயலாளர் அண்ணன் அனுப்பிய மடலைப் பார்த்தேன். பணம் தருவதில் தயக்கம் இல்லை, கேட்கிற பொருள்தான் எனக்குச் சரியாகப் படவில்லை.

1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் போட்டு நீட்டினார்கள். வருடத்தில் எட்டு, ஒன்பது மாதம் தெண்டி வெள்ளம் (தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டம்) தெற்கேயிருந்து தள்ளிக்கொண்டு வரும் மணல், லட்சக்கணக்கான கன மீட்டர், அங்கேயே மறிபட்டு நின்றுவிட்டது. வாடைக் காலத்தில் வன்னி (வடக்கிலிருந்து தெற்கே ஓடும் நீரோட்டம்) திருப்பித் தருவது அதில் கொஞ்சம்தான். மெரினா இவ்வளவு அகலமானதும் ராயபுரம் பக்கம் கரை கரைந்ததும் சென்னைத் துறைமுகம் செய்த இதே வேலை.

மணல் வராமல் வடக்கே கரை அரித்ததும் கல் கொட்ட ஆரம்பித்தார்கள். புதுச்சேரிக் கரையில் கொட்டினால் கோட்டக்குப்பம் அரித்தது, அங்கே கொட்டினால் தந்திராயன்குப்பம், அதற்கும் வடக்கே சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று போய்க்கொண்டே இருக்கிறது. நாம் வளைவு வாங்கினால் அதன் தெற்கே மணல் சேரும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வடக்கே இருக்கிற குப்பத்தில்தான் பாதி வீட்டுக்குப் பெண் கொடுத்து எடுத்திருக்கிறோம், அவர்கள் வீட்டு வாசலில் அலை வந்தால் நாம் என்ன பதில் சொல்வது?

செலவும் ஒரு தடவையோடு முடியாது. அலை கல்லில் மோதித் திரும்பும்போது அடிமணலை வாரிக்கொண்டு போகும், கல் இறங்கும், சரியும், மறுபடி லாரி வரவேண்டும். எந்த எஸ்டிமேட்டிலும் வராத செலவு ஊர்க்காரன் தலையில். கரைவலை இழுக்க மணல் வேண்டும், கல்லில் இழுத்தால் வலை நார்நாராகிவிடும். ஃபைபர் படகை ஏற்ற இடமில்லாமல் மாமா பையன் டிராக்டரை வாடகைக்குப் பிடித்து இழுத்துச் சந்துக்குள் நிறுத்துகிறான். ஒருநாள் கல் இடுக்கில் மாட்டின நங்கூரக் கயிற்றைக் கத்தியால் அறுத்துவிட்டுத்தான் படகை மீட்டான். நங்கூரம் இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலைப் பக்கம் மணல் திரும்ப வந்ததே என்று துபாய் தம்பிகள் கேட்பீர்கள். அது வேறு, தூண்டில் வளைவு இல்லை. தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் 2018-இல் கடலுக்கடியில் இரும்பில் ஆப்பு மாதிரி ஒரு திட்டு வைத்தது, துறைமுகத்தில் தூர்வாரிய மணலையும் அங்கே கொட்டினார்கள்.

ஆகவே மனுவில் முதல் கோரிக்கையாக, துறைமுகத்தில் தேங்கும் மணலை வருடாவருடம் பம்ப் வைத்து வடக்கே தள்ளச் சொல்லுங்கள். ஆரம்பத் திட்டத்திலேயே இருந்த வேலைதான், ஒழுங்காக நடக்கவில்லை. அதற்குப் பிறகும் வளைவுதான் வேண்டும் என்று பஞ்சாயத்து சொன்னால், வடக்குக் குப்பத்து நாட்டாரையும் (ஊர்த் தலைவரையும்) உட்காரவைத்துப் பேசிவிட்டு எழுதலாம்.

அதுவரை கலெக்டர் ஆபீசுக்கு எதுவும் போகவேண்டாம் அண்ணே. என் பங்கை இன்றே அனுப்பிவிடுகிறேன்.