ஒரே நோட்டுல ஒரு சோலோ: சின்னமன் கேர்ள் உங்களுக்கு எப்படி கேட்டுச்சு?

ராக் பாடகர், கிட்டாரிஸ்ட் நீல் யங்கோட சின்னமன் கேர்ள் பாட்டுல வர்ற சோலோ (கிட்டார் தனியா முன்னால வர்ற பகுதி) பத்தி நேத்து ஒரு நண்பர்கூட பெரிய வாய்ச்சண்டை, தீரல, அதான் இங்க கொண்டாந்துட்டேன். தெரியாதவங்களுக்கு சொல்லிடறேன், 1969ல வந்த எவ்ரிபடி நோஸ் திஸ் இஸ் நோவேர் ஆல்பத்துல முதல் பாட்டு, கிரேசி ஹார்ஸ் பேண்ட் கூட சேந்து போட்ட முதல் ஆல்பம் அது. பாட்டு மொத்தமே மூணு நிமிஷம் வராது. ரெண்டு நிமிஷத்த ஒட்டி சோலோ வருது, வந்தா ஒரே நோட்டு, அதாவது ஒரே ஸ்வரம். டி. அப்புறம் டி. திரும்பவும் டி. அந்த வருஷம் ஜனவரிலதான் லெட் செப்பலின் முதல் ஆல்பம் வந்துச்சு, ஆகஸ்ட்ல கிட்டாரிஸ்ட் ஹென்ட்ரிக்ஸ் வுட்ஸ்டாக் இசைவிழாவுல நின்னாரு, அவனவன் விரல் எவ்ளோ வேகமா ஓடுதுன்னு பாத்துட்டு இருந்த நேரத்துல இவரு நின்ன எடத்துலயே நின்னு அடிச்சிட்டு போயிட்டாரு.

நண்பர் கட்சி: சோம்பேறித்தனம். லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துல டோப்பங்காவுல 103 டிகிரி காய்ச்சல்ல படுத்துக்கிட்டு எழுதின பாட்டு, சோலோவும் காய்ச்சல்லயே போட்ட மாதிரி இருக்குங்கறாரு. அந்த ஒரே காய்ச்சல்ல டவுன் பை தி ரிவரும், கவ்கேர்ள் இன் தி சாண்டும் எழுதினாருன்னு சொன்னேன், அதுலயும் அதே மாதிரிதான ஒரே நோட்ட போட்டு குத்துறாருன்னு திருப்பி விட்டுட்டாரு. நான் இத முதல்ல கேட்டது எங்க அத்தான் துபாய்ல இருந்து கொண்டுவந்த டெக்கேட்ங்கற அவரோட தொகுப்பு கேசட்ல, அப்போலாம் எனக்கு அது சோலோன்னே பதியல. ரொம்ப வருஷம் கழிச்சு நல்ல ஹெட்போன்ல கேட்டப்பதான் ஒவ்வொரு அடியும் வேற வேறன்னு தெரிஞ்சுது, ஒண்ணுல பிக் (கம்பிய மீட்டுற சில்லு) கம்பிய சொரண்டுது, இன்னொண்ணு பாதில அமுங்குது, அடுத்தது கத்துது. உங்களுக்கு எப்படி?

*

வாசிக்கிறவன் பக்கத்துல இருந்து சொல்றேன் அண்ணா. கோயம்புத்தூர்ல கிட்டார் கிளாஸ் எடுக்கறேன். மொதல்ல இந்தப் பாட்டு சாதா டியூனிங்கே கிடையாது, டபுள் டிராப் டி, அதாவது தடி ஈ கம்பி, ஒல்லி ஈ கம்பி ரெண்டையுமே இறக்கி டி ஆக்கிக்கணும். அப்புறம் ரெண்டாவது கம்பில மூணாவது ஃப்ரெட்ட (கிட்டார் கழுத்துல இருக்கற கட்டம்) அமுக்கினா டி, பக்கத்துல முதல் கம்பிய சும்மா விட்டா அதுவும் டி, ரெண்டையும் சேத்து அடிக்கணும். பேருக்கு நோட்டு ஒண்ணு, கம்பி ரெண்டு. இப்போ அமுக்குற விரல் கொஞ்சம் இறுகினா அந்தக் கம்பி மட்டும் ஒரு நூல் ஏறும், சும்மா விட்ட கம்பி ஏறாது, ரெண்டுக்கும் நடுவுல வ்வ்வ்வ்னு ஒரு துடிப்பு வரும் பாருங்க, அதுதான் அந்த சோலோவோட உயிரே. விரல் வச்சிருக்கற விதத்துலயே அடிக்கு அடி அந்த துடிப்பு மாறும்.

கிளாஸ்ல ஒரு பையன், பதினாறு வயசு, ஸ்வீப் பிக்கிங்லாம் (பிக்க கம்பிங்க மேல இழுத்து வேகமா வாசிக்கற வித்தை) தண்ணியா போடுவான். இத குடுத்தேன். இதுல என்ன சார் இருக்குன்னான். வாசிச்சான், டைமிங் கரெக்டு, நோட்டு கரெக்டு, செத்துப்போயி இருந்துச்சு. எல்லா அடியும் ஒரே அளவு. மாத்தி அடிடான்னா என்னத்த சார் மாத்தறது, ஒரு நோட்டுதானேங்கறான். அவனுக்கு அன்னிக்கு புரியல, இப்பவும் புரிஞ்சுதான்னு சந்தேகம்தான், ஆனா அதுக்கப்புறம் வீட்ல பிக்க விதவிதமா புடிச்சு பாக்கறானாம், அவங்க அம்மா சொன்னாங்க.

*

ஆளாளுக்கு பில்டப் குடுக்கறீங்களே ப்ரோ. எனக்கு நீல் யங் புடிக்கும், அவரோட கார்ட்டெஸ் தி கில்லர் பாட்டு சோலோவுக்கு சொத்த எழுதி வைப்பேன். அதுக்காக ஒரே நோட்டுல காவியம் இருக்குன்னா எப்படி? அவரே சொல்லிருக்காரு, எல்லாரும் ஒரு நோட்டுங்கறாங்க, என் மண்டைக்குள்ள ஒவ்வொண்ணும் வேறன்னு. சரி. நானும்தான் தெனம் டைடல் பார்க் சிக்னல்ல ஹார்ன் அடிக்கிறேன், ஒவ்வொண்ணும் வேற வேற ஃபீலிங்லதான் அடிக்கிறேன், யாரும் ஆல்பம் போட மாட்டேங்கறாங்களே.

*

😂😂 ஹார்ன் அண்ணா முடியல.

*

வணக்கம், நான் ஸ்காபரோவில இருக்கிறன். இங்க றேடியோவில நீல் யங்கைக் கேளாம தப்பேலாது, ஏனெண்டா கனடியப் பாட்டு இத்தனை வீதம் போடத்தான் வேணும் எண்டு 1971ல இருந்து சட்டம், முதல் 30 வீதம், பிறகு 35 ஆக்கினவை. ஆள் ரொறன்ரோவில பிறந்தவர், பாட்டு லொஸ் ஏஞ்சலிசில எழுதினது எண்டாலும் இங்கத்த ஆக்கள் தங்கட பிள்ளை மாதிரித்தான் கதைப்பினம். நான் வந்த புதுசில ஒரு வேர்ஹவுசில இரவு வேலை, என்னோட ஒரு வயசான வெள்ளைக்காரர் போர்க்லிப்ட் ஓடினவர். பெரிசா கதைக்கமாட்டார். ஒரு நாள் றேடியோவில இந்தப் பாட்டு போகுது, சோலோ வரேக்க மனுசன் போர்க்லிப்டை நடுவழியில நிப்பாட்டிப்போட்டு ஸ்டியரிங்கில ஒரு விரலால மட்டும் தட்டுறார், பின்னால நான் சாமானோட நிக்கிறன், அவருக்கு அதைப்பற்றி ஒரு கவலையும் இல்லை. சோலோ முடிய வண்டியை எடுத்துக்கொண்டு போயிட்டார். எனக்கு உங்கட டியூனிங் கதை ஒண்டும் விளங்காது தம்பி. ஆனா கிட்டார் தெரியாத ஒருத்தர் முழுசா வாசிக்கக்கூடிய சோலோ உலகத்தில வேற எத்தினை இருக்கு? அதைச் சொல்லுங்கோ.

*

நான் கிட்டார் இல்ல, வயலின். கர்னாடிக். என் பையன் இந்தப் பாட்ட ஹால்ல திரும்பத் திரும்பப் போட்டு எனக்கும் பழகிப்போச்சு. மேல எல்லாரும் கம்பியையும் விரலையும் பாக்கறீங்க, கீழ என்ன நடக்குதுன்னு யாரும் பேசலையே. சோலோ நிக்குது, கார்ட் (ஒண்ணா சேத்து ஒலிக்கற ஸ்வரக் கூட்டம்) நகருது. டி, ஏ மைனர் செவன், சி, ஜி. டி கார்ட் மேல அந்த நோட்டு ஸட்ஜம், வீட்ல இருக்கற மாதிரி உக்காந்துக்கும். ஏ வந்ததும் அதே நோட்டு சுத்த மத்யமம், கொஞ்சம் தொங்கும். சி-ல சதுஸ்ருதி ரிஷபம் ஆயிடுது, அங்கதான் எனக்கு காது உறுத்தும், எங்கயாவது போயேன்னு இருக்கும், அவர் போகமாட்டார். ஜி வந்ததும் பஞ்சமம், அப்பாடான்னு இருக்கும். நம்ம கச்சேரில தம்புரா அங்கயே இருக்கும், பாடறவா நகருவா. இங்க அப்படியே தலைகீழ், பாடறவர் நிக்கறார், ஸ்ருதி அவருக்குக் கீழ நடந்துண்டே இருக்கு. அதனால ஒரே நோட்டுன்னு சொல்றதையே என்னால ஒத்துக்க முடியல, கேக்கற காதுக்கு நாலு ஸ்வரம் கெடைக்கறது.

ஸ்வரம் கம்மியா இருந்தா சண்டை வர்றதும் புதுசு இல்ல. பாலமுரளி நாலே ஸ்வரத்துல மகதி, லவங்கின்னு ராகம் பண்ணினப்போ இதெல்லாம் ராகமான்னு கேட்டவா உண்டு. அந்த மகதியத்தான் எம்.எஸ்.வி. 1975ல அபூர்வ ராகங்கள்ல எடுத்து அதிசய ராகம்னு பாட வச்சார், இன்னிக்கும் ரியாலிட்டி ஷோல பசங்க பாடறது.

*

அக்கா இது செம. கிட்டார எடுத்து கார்ட லூப்ல ஓட விட்டு மேல டி மட்டும் அடிச்சு பாத்தேன், சி வர்ற எடத்துல நீங்க சொன்ன உறுத்தல் அப்படியே இருக்கு, இத்தன வருஷம் கிளாஸ் எடுத்துட்டு இத யோசிச்சதே இல்ல. ஸ்காபரோ அண்ணாவுக்கு ஒரு பதில்: பஸ்காக்ஸ்னு மான்செஸ்டர் பங்க் பேண்ட், 1977ல ஸ்பைரல் ஸ்கிராட்ச்னு ஒரு ஈபில (ஆல்பத்த விட சின்ன ரெக்கார்டு) போர்டம்னு ஒரு பாட்டு, சோலோல ரெண்டே நோட்டு. ஆனா அது வேணும்னே வெறுப்பேத்தறதுக்குப் போட்டது, யங் வெறுப்பேத்தல.

*

நான் லைவ் சவுண்ட் பாக்கறவன். ஆம்ப் (கிட்டார் சத்தத்த பெருசாக்கற ஆம்ப்ளிஃபையர்) பத்தி யாருமே பேசல. அவரோட ஓல்ட் பிளாக் கிட்டார் 1953 கிப்சன் லெஸ் பால், ஒரிஜினலா தங்கக் கலரு, கருப்பு அடிச்சது, ஜிம் மெசினாகிட்ட மாத்திக்கிட்டது. அத சொருகறது ஃபெண்டர் ட்வீட் டீலக்ஸ்ல, ரொம்ப சின்ன ஆம்ப், ஃபுல்லா தொறந்து விட்டா அதுக்கு மூச்சு வாங்கும், ஓங்கி அடிச்சா சத்தம் கூடறதுக்கு பதிலா நசுங்கும், கை எடுத்தா வீங்கி வரும். அதனாலதான் ஒரே நோட்டு ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி வருது. பெரிய சுத்தமான ஆம்ப்ல அடிச்சீங்கன்னா ஹார்ன் ப்ரோ சொன்னதுதான் கெடைக்கும். ஒரு காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல பசங்க இந்தப் பாட்டு எடுத்தாங்க, அங்க இருந்தது டிஜிட்டல் பிராசசர், நேரா மிக்சர்ல. சோலோ வந்தப்போ ஜட்ஜ் என்னப் பாத்து லைன்ல ஏதோ ப்ராப்ளம்னு சைகை காட்டினாரு. நான் இல்ல சார், பாட்டே அப்படித்தான்னு சைகை காட்டினேன். பரிசு வரல.

*

வயலின் அக்கா சொன்னதுக்கு மட்டும் பாதி எறங்கி வரேன், அந்த சி விஷயம் நெஜமாவே இருக்கு. ஆனா ஒண்ணு கேக்கறேன். பாட்டு கடைசில, திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் ரிஃப்பெல்லாம் ஓஞ்சதும், திடீர்னு இன்னொரு லீட் வந்து கன்னாபின்னான்னு கத்திட்டு முடியுதே, அது சோலோ இல்லையா? அத எண்ணிக்கைல சேத்தா ஒரு நோட்டு சோலோன்னு நீங்க கட்டின கோட்டையே இடிஞ்சிரும். எனக்குத் தெரிஞ்சு உண்மையான சோலோ அதுதான், நடுவுல வர்றது வெறும் ரிதம் கிட்டார் கொஞ்சம் சவுண்டா.

*

ரிதம் கிட்டாரா?! ரிதம் வாசிக்கிறது கிரேசி ஹார்ஸ் கிட்டாரிஸ்ட் டேனி விட்டன்யா, இன்னொரு பக்கம் தனியா கேக்குது, ஒரு காத மூடிட்டு கேட்டுப் பாத்துட்டு வாங்க, அப்புறம் பேசுவோம்.