துபாய் வேலை: யார்கிட்ட ஆலோசனை கேக்குறது?

ஸ்தோத்திரம் அண்ணன்மாரே, அக்காமாரே. நான் மதுரை பசுமலை பக்கம். துபாய்ல வேலை வந்திருக்கு, சம்பளம் நல்லாவே ஜாஸ்தி, ஆனா அம்மாவுக்கு முட்டி வலி, மாடி ஏறக்குள்ள கைப்பிடிய புடிச்சு படிக்குப் படி நின்னு நின்னுதான் வர்றாங்க, தங்கச்சி கல்யாணம் வேற பாக்கி.

ஜெபம் பண்ணிட்டுதான் இருக்கேன். வாக்குத்தத்த அட்டை (பைபிள் வசனம் எழுதுன அட்டை) ஒண்ண எடுத்துப் பாத்து முடிவு பண்ணுன்னு ஒருத்தர் சொல்றாரு, எனக்கு அது சீட்டு குலுக்குற மாதிரிதான் படுது. நீதிமொழிகள் 15:22ல ஆலோசனைக்காரர் நிறைய பேர் வேணும்னு இருக்குல்ல, அதுக்காக பைபிள்ல வர்ற ரெகொபெயாம் ராஜா மாதிரி பெரியவங்கள விட்டுட்டு கூட வளந்தவங்க பேச்ச மட்டும் கேக்கவும் பயம் (1 இராஜாக்கள் 12). எங்க சர்ச் ஐயரும் (பாஸ்டர்) அப்பாவும் சேக்காளிங்க, அப்பா பக்கம்தான் பேசுவாரு!

கல்ஃப் போய்ட்டு வந்த விசுவாசிங்க, இல்ல போகாம இங்கயே இருந்தவங்க, நீங்க யார்கிட்ட கேட்டீங்க, என்ன கேட்டீங்க? அடுத்த வாரத்துக்குள்ள பதில் சொல்லணும், இன்பாக்ஸ்ல வந்தாலும் சரி.