12 வயது மகளுக்கு ஏர் ரைஃபிள்: பெரிதாக வாங்கினால் வளர்ந்து சரியாகிவிடுமா?

சிறுமலை_அப்பா (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு 12 வயது. உயரம் 138 செ.மீ., எடை 31 கிலோ. வகுப்பில் முதல் பெஞ்சில் உட்காரும் சின்ன உருவம். பாரிஸ் ஒலிம்பிக்கில் கொரியாவின் பான் ஹியோ-ஜின் 16 வயதில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் தங்கம் வாங்கியதை டிவியில் பார்த்தாள். அன்றிலிருந்து இதே பேச்சு. ஐந்து மாதமாகச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் திண்டுக்கல்லிலிருந்து மதுரையில் உள்ள துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குக் கூட்டிப் போகிறேன்.

முதல் மூன்று மாதம் துப்பாக்கியை ஸ்டாண்டில் வைத்துச் சுட்டாள். நன்றாகவே சுட்டாள். இப்போது கையில் ஏந்தி நின்று சுடச் சொல்லியிருக்கிறார்கள். அங்கேதான் பிரச்சினை. பத்துக் குண்டு வரை தாங்குகிறாள். அப்புறம் இடது கை நடுங்குகிறது, முதுகைப் பின்னால் வளைத்துக்கொள்கிறாள். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸிலேயே "இடுப்புக்கு மேலே வலிக்குதுப்பா" என்கிறாள். ரேஞ்சில் கேட்டால், பழகப் பழகச் சரியாகிவிடும் என்கிறார்கள்.

சொந்தமாக ஒன்று வாங்கிக் கொடுக்கலாம் என்று பார்க்கிறேன். தெரிந்தவர் ஒருவர் பழைய ஜெர்மன் ரைஃபிளை 1,40,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். பெரியவர்கள் சுடும் முழு அளவு. "பாப்பா எப்படியும் வளரும், இப்பவே பெரிசா வாங்கிடுங்க, திரும்பச் செலவு வராது" என்கிறார். நான் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறவன், இது எனக்குப் பெரிய தொகை. தப்பாக வாங்கிவிடக் கூடாது என்று பயமாக இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தறிநாடா

சார், என் பையன் இரண்டு வருடமாகச் சுடுகிறான், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். முதலில் லைசென்ஸ் பயம் வேண்டாம். 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை. 10 மீட்டர் போட்டித் துப்பாக்கிகள் அதில் பாதியைக்கூடத் தொடாது. உங்கள் அடையாள அட்டையைக் கொடுத்து, உங்கள் பெயரிலேயே பில் போட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, ஸ்பிரிங் துப்பாக்கி வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு குண்டுக்கும் குழலை மடக்கி இழுக்க வேண்டும். 31 கிலோ குழந்தை அறுபது தடவை அதை இழுத்தாலே தோள் போய்விடும், குறி பார்க்கத் தெம்பு இருக்காது. காற்று சிலிண்டர் வைத்த பி.சி.பி. வகைதான் சரி. இந்தியாவிலேயே செய்கிறார்கள், இறக்குமதியை விட விலை நன்றாகவே குறைவு.

வீட்டில் பூட்டிய அலமாரியில் வையுங்கள், குண்டு டப்பா வேறு இடத்தில் இருக்கட்டும். எடைதான் முக்கியம், இருப்பதிலேயே லேசானதாகப் பார்த்து வாங்குங்கள்.

இடதுகண்

அண்ணா, தறிநாடா சொன்ன முதல் இரண்டும் சரி. கடைசி வரியில் மட்டும் நான் மாறுபடுகிறேன். அதற்குக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

என் உயரம் 147 செ.மீ. இப்போதும் அவ்வளவுதான். 2011-இல் காலேஜில் சேர்ந்தபோது சுட ஆரம்பித்தேன். நான் பழகிய இடத்தில் இருந்தவை எல்லாம் ஆறடி ஆண்களுக்குப் பொருத்தி வைத்த துப்பாக்கிகள். ஒன்றரை வருடம் அதைத் தூக்கிக்கொண்டு பின்னால் வளைந்து நின்றேன். உங்கள் பாப்பா சொல்லும் அதே இடத்தில் எனக்கும் வலித்தது, "பழகிவிடும்" என்றுதான் என்னிடமும் சொன்னார்கள். பழகவில்லை. இரவில் குப்புறப் படுக்க முடியாமல் போனது. அதனால்தான் உங்கள் பதிவைப் பார்த்ததும் கடகடவென்று எழுத உட்கார்ந்தேன். அந்த வலியை அலட்சியம் செய்யாதீர்கள். வலிக்கிறது என்றால் அன்றைக்கு நின்று சுடுவதை நிறுத்திவிட்டு மறுபடி ஸ்டாண்டில் வைத்துச் சுடட்டும். ஓய்வெடுத்தும் போகவில்லை என்றால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

ஒரு கணக்குப் பாருங்கள். முழு அளவு துப்பாக்கி நாலரை கிலோ என்று வைத்துக்கொள்வோம். 31 கிலோ குழந்தைக்கு அது உடம்பு எடையில் ஏழில் ஒரு பங்கு. 70 கிலோ ஆள் 10 கிலோவைத் தூக்கி நிற்பதற்குச் சமம். போட்டியில் 60 குண்டு, பயிற்சிக் குண்டுகள் தனி. 15 நிமிடம் பயிற்சி, 75 நிமிடம் போட்டி என்று ஒன்றரை மணி நேரத்தில் எண்பது தொண்ணூறு தடவை தூக்கி இறக்க வேண்டும். 5.5 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்றுதான் விதி. இவ்வளவாவது இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஆகவே மூன்று, மூன்றேகால் கிலோ ஜூனியர் ரைஃபிளோடு அவள் தாராளமாகப் போட்டிக்குப் போகலாம்.

ஆனால் எடையை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். நம் ஊரில் பெண்கள் தண்ணீர்க் குடத்தை எங்கே வைத்துச் சுமக்கிறார்கள்? இடுப்பில். அதே குடத்தை முன்னால் கை நீட்டிப் பிடிக்கச் சொன்னால் அரை நிமிடம் தாங்காது. நின்று சுடுவதும் அப்படித்தான். இடது முழங்கை இடுப்பு எலும்பில் உட்கார வேண்டும், துப்பாக்கியின் கனம் முழங்கை வழியாக இடுப்புக்கு இறங்கி, கால் வழியாகத் தரைக்குப் போக வேண்டும். அப்போது கைச் சதைக்கு வேலையே இல்லை. பெண்களுக்கு இடுப்பு எலும்பு இதற்கு நன்றாகவே ஒத்துழைக்கும். பாப்பாவின் கை நடுங்குகிறது என்றால், பலம் போதவில்லை என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். முழங்கை இடுப்பை எட்டவில்லை என்பதுதான் என் சந்தேகம்.

ஏன் எட்டவில்லை? இரண்டு காரணம் இருக்கும். ஒன்று, துப்பாக்கி முன்பக்கம் கனமாக இருப்பதால் கையை முன்னால் தள்ளிப் பிடிக்கிறாள். கை முன்னால் போனால் முழங்கையும் இடுப்பை விட்டுப் போய்விடும். நீளக் குழலும் முன்னால் மாட்டிய எடைகளும் இந்தக் கோளாறைச் செய்யும். மொத்தம் மூன்றரை கிலோ இருந்தும் முன்னால் இழுக்கும் துப்பாக்கியை விட, நாலு கிலோ இருந்து ட்ரிகருக்குப் பக்கத்திலேயே சமநிலை கொள்ளும் துப்பாக்கி சின்ன உடம்புக்கு நல்லது. விரலைக் கீழே கொடுத்துத் தூக்கிப் பாருங்கள், எங்கே ஆடாமல் நிற்கிறது என்று உடனே தெரியும். எடை அட்டையில் இது எழுதியிருக்காது.

இன்னொரு காரணம், அவளுடைய முன்கை குட்டை. முழங்கையை இடுப்பில் வைத்தால் உள்ளங்கை கன்னத்துக்குக் கீழேயே நின்றுவிடும், துப்பாக்கி கண்ணுக்கு வராது. அதனால் முழங்கையை இடுப்பிலிருந்து தூக்கிவிடுகிறாள், அல்லது தலையைக் குனிகிறாள். இதற்கு வழி, துப்பாக்கியின் அடியில் கை படும் இடத்தில் ஒரு கட்டை வைத்து உயர்த்துவது. ரைசர் பிளாக் என்பார்கள். நல்ல ரைஃபிள்களில் இதற்காக அடியில் ஒரு நீளப் பள்ளம் இருக்கும். அது இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். உள்ளங்கையை விரிப்பதை விட முஷ்டி மடக்கி அதன் மேல் துப்பாக்கியை வைத்தாலும் கொஞ்சம் உயரம் கிடைக்கும்.

இதையெல்லாம் விட முக்கியம் பட்டின் நீளம். ட்ரிகரிலிருந்து தோளில் பதியும் முனை வரை உள்ள தூரம். துப்பாக்கியில் குண்டு இல்லை என்று திறந்து பார்த்துக்கொண்டு, பட் முனையைப் பாப்பாவின் வலது முழங்கை மடிப்பில் வைத்துப் பாருங்கள். ஆள்காட்டி விரல் சுகமாக ட்ரிகருக்கு எட்ட வேண்டும். இது துல்லிய அளவு இல்லை, கடையில் நின்றபடியே அரை நிமிடத்தில் பார்த்துக்கொள்ள உதவும், அவ்வளவுதான். பட் நீளமாக இருந்தால் வலது தோள் பின்னால் போகும், தலை சைட்டை (குறி பார்க்கும் கருவியை) எட்டிப் பிடிக்க முன்னால் நீளும், முதுகு வளையும். எனக்கு நடந்தது இதுதான்.

என் பயிற்சியாளர் மாறிய பிறகு, புதிதாக வந்தவர் என்னை ஒரு நாள் பார்த்தார். மறுநாள் ஒரு பழைய மர ஸ்டாக்கை, அதாவது துப்பாக்கியின் கட்டைப் பகுதியை, ஆசாரியிடம் எடுத்துப் போய்ப் பின்பக்கம் 3 செ.மீ. அறுக்கச் சொன்னார். அறுத்த துண்டைத் தூக்கிப் போட விடவில்லை. பின்னால் நீளம் தேவைப்படுகிறவர்களுக்கு நீள ஸ்குரூ போட்டு அதே துண்டை மாட்டிக் கொடுப்பார். அப்போது பெண்களுக்கு 40 குண்டுதான், 400-க்குக் கணக்கு. (2018-லிருந்துதான் ஆண்கள் போலப் பெண்களுக்கும் 60.) 371-இல் நின்றுகொண்டிருந்த நான் நாலு மாதத்தில் 384 சுட்டேன். கூடுதலாக எந்தப் பயிற்சியும் செய்யவில்லை.

அதனால் "வளர்ந்து சரியாகும்" என்பதை ஏற்காதீர்கள். பாவாடையைப் பெரிதாகத் தைத்து மடிப்புப் பிடித்து விடலாம். பெரிய துப்பாக்கியோடு இரண்டு வருடம் நின்றால் உடம்பு அந்தத் தப்பான நிலையைக் கற்றுக்கொண்டுவிடும். பிறகு அதை மறக்கடிப்பது புதிதாகக் கற்பதை விடக் கஷ்டம். வாங்குவது நீட்டவும் குறைக்கவும் வசதியுள்ள ஜூனியர் ரைஃபிளாக இருக்கட்டும். தோளில் பதியும் பட் பிளேட் மேலே கீழே நகர வேண்டும், கன்னம் வைக்கும் சீக் பீஸ் உயர வேண்டும். ரொம்ப லேசானதும் வேண்டாம். அது நாடித் துடிப்புக்கே ஆடும். லேசில் ஆரம்பித்து, வளர வளர 50 கிராம், 100 கிராமாக எடை சேர்த்துக்கொள்ளலாம்.

அந்த 1,40,000 ரூபாய் ரைஃபிளின் சிலிண்டரில் தேதி அடித்திருக்கும், அதைப் பாருங்கள். கம்பெனி சொல்லும் காலக்கெடு பல சிலிண்டர்களுக்கு 10 ஆண்டு, சிலவற்றுக்கு 20. உள்ளே 200 பார் அழுத்தம் நிற்கிற பொருள். கெடு தாண்டாமல் பார்த்துக்கொள்வது சுடுகிறவரின் பொறுப்பு என்றே சர்வதேச விதி சொல்கிறது. புது சிலிண்டர் பல ஆயிரம் ஆகும், அதையும் விலையில் கூட்டிப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. அவளுக்கு எந்தக் கண் முந்துகிறது என்று பார்த்தீர்களா? இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களைச் சேர்த்து நடுவில் ஒரு சின்ன ஓட்டை வைத்து, அதன் வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடும்போது எந்தக் கண் திறந்திருக்கையில் கடிகாரம் ஓட்டைக்குள்ளேயே நிற்கிறதோ அதுதான். எனக்கு வலது கைப்பழக்கம், ஆனால் இடது கண். தெரிந்துகொள்ள எட்டு மாதம் ஆனது. நான் சைட்டில் ஒரு மறைப்பு அட்டை மாட்டிச் சமாளித்தேன். 12 வயதில் தெரிந்தால் இடது தோளுக்கே மாறிவிடலாம். ஆனால் ஸ்டாக் வலது, இடது என்று தனித்தனியாக வருவதால் வாங்குவதற்கு முன்னால் இது தெரிந்தாக வேண்டும்.

சிறுமலை_அப்பா

மேடம், உங்கள் பதிவைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். கண் வலதுதான், நிம்மதி. அந்தத் தெரிந்தவர் வீட்டுக்கு மகளையே கூட்டிப் போனேன். முழங்கை மடிப்பில் வைத்துப் பார்த்ததில் விரல் ட்ரிகருக்கு நாலு செ.மீ. முன்னாலேயே நின்றுவிட்டது. பட் பகுதியை முழுக்க உள்ளே தள்ளியும் அவ்வளவு. சிலிண்டரில் 2012 என்று இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

ரேஞ்சில் பேசி அவள் சுடும் துப்பாக்கியின் முன் எடை இரண்டையும் கழற்றச் சொன்னேன், உடனே கழற்றிக் கொடுத்தார்கள். அடியில் வைக்க என் மைத்துனர் தேக்கில் ஒரு கட்டை இழைத்துக் கொடுத்தார். முதலில் 2 செ.மீ., போதவில்லை, இப்போது மூன்றரை. முழங்கை இடுப்பில் உட்கார்ந்துவிட்டது. போன ஞாயிறு 25 குண்டு நின்று சுட்டாள். பஸ்ஸில் வலியைப் பற்றிப் பேச்சே இல்லை, தூங்கிவிட்டாள்.

அவசரப்படாமல் இரண்டு மாதம் கழித்து ஜூனியர் ரைஃபிள் வாங்கலாம் என்று இருக்கிறேன். இந்தியத் தயாரிப்பு போதுமா? சுடும்போது போடும் கெட்டி ஜாக்கெட்டும் சேர்த்து வாங்கிவிடவா?

இடதுகண்

ரொம்பச் சந்தோஷம் அண்ணா. மைத்துனரிடம் சொல்லி அந்தக் கட்டையின் மேல்பக்கத்தைக் கொஞ்சம் சொரசொரப்பாக விடச் சொல்லுங்கள், வியர்த்தால் வழுக்கும்.

இந்தியத் தயாரிப்பு இப்போதைக்குப் போதும், மேலே சொன்ன அளவு மாற்றும் வசதிகளும், சின்னத் துளை வழியாகக் குறி பார்க்கும் பீப் சைட்டும் இருந்தால். வாங்கும் முன் ஸ்டாண்டில் வைத்துப் பத்துக் குண்டு சுட்டுக் காட்டச் சொல்லுங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே ஓட்டையில் விழுந்தால் குழல் நல்ல குழல். பரந்து விழுந்தால் குண்டை மாற்றிப் பாருங்கள். தட்டைத் தலை பெல்லட்தான் வேண்டும். 4.49, 4.50 என்று தலை அளவில் சின்ன வித்தியாசத்தோடு டப்பாக்கள் வரும். ஒரு குழலுக்குப் பிடிப்பது இன்னொன்றுக்குப் பிடிக்காது. பத்தாவது வளையம் வெறும் அரை மி.மீ. புள்ளி என்பதால் இந்தச் சின்ன வித்தியாசமும் தெரியும்.

ஜாக்கெட் கடைசியில். இப்போதே போட்டால் முதுகு எப்படி நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது, ஜாக்கெட் மறைத்துவிடும். புதிதாகத் தைத்தால் ஒரு வருடத்தில் சின்னதாகிவிடும், விலையோ கையைக் கடிக்கும். உங்கள் ரேஞ்சிலேயே அவளை விட இரண்டு மூன்று வயது மூத்த பெண் யாராவது இருந்தால், அவளுக்குச் சிறியதாகிப்போன ஜாக்கெட்டைக் கேளுங்கள். நானும் என்னுடையதை அப்படித்தான் ஒரு தங்கைக்குக் கொடுத்தேன்.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அவள் உயரத்தையும், முழங்கை மடிப்பிலிருந்து விரல் வரைக்கும் உள்ள நீளத்தையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பட் நீளத்தை எப்போது மாற்றலாம் என்பதற்கு அது போதும்.